மறுவெளியீடு என்னும் பதிப்புப் பணி: பழைய வீடியோ விளையாட்டுகளின் மூலபாடச் சிக்கல்கள்

2023 ஜனவரி 27 அன்று ‘கோல்டன்ஐ 007’ என்ற வீடியோ விளையாட்டு, போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகளில் ஒரே நாளில் மீண்டும் வெளியானது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரேர் நிறுவனம் ஜேம்ஸ் பாண்ட் திரைப்படம் ஒன்றைத் தழுவி உருவாக்கிய இந்த விளையாட்டு, 1997 ஆகஸ்டில் நிண்டெண்டோ 64 கருவிக்காக முதன்முதலில் வந்தது. ஏறத்தாழ 80 லட்சம் பிரதிகள் விற்றது. தொலைக்காட்சித் திரையை நான்காகப் பிரித்து நால்வர் ஒருங்கே ஆடும் அதன் பகுதி, கன்சோல் விளையாட்டுகளின் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கருதப்படுகிறது. அத்தகைய படைப்பு அடுத்த தலைமுறையின் கைக்கு வந்துசேர 25 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. வந்தபோதும் முழுமையாக வரவில்லை. எக்ஸ்பாக்ஸ் வடிவத்தில் கூர்மையான படமும் அகலத்திரையும் இக்காலக் கைப்பிடிக்கேற்ற இயக்கமும் இருந்தன. இணையவழி ஆடும் வசதி இல்லை. நிண்டெண்டோ ஸ்விட்ச் வடிவத்தில் இணையவழி ஆட முடிந்தது. படமும் இயக்கமும் பழையபடியே இருந்தன. ஒரு நூலை இரு பதிப்பகங்கள் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டு அச்சிட்டதைப் போன்ற நிலை இது.

இந்தப் பங்கீட்டுக்குத் தொழில்நுட்பம் காரணமாகாது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலர் கொடுத்து ரேர் நிறுவனத்தை வாங்கியது. நிரல் எழுதிய நிறுவனம் இவ்வாறு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று. ஆனால் விளையாட்டை வெளியிட்டது நிண்டெண்டோ. பாண்ட் என்னும் பாத்திரமோ திரைப்பட உரிமையாளர்களுக்குச் சொந்தம். மூன்று தரப்பும் ஒரே நேரத்தில் இசைந்தாலன்றி எதுவும் வெளிவர முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360-க்காகப் புதுப்பிக்கப்பட்ட ஒரு வடிவம் ஏறத்தாழ முடிவடைந்த நிலையிலேயே கைவிடப்பட்டது. 2021-இல் அது இணையத்தில் கசிந்தபோது, எவ்வளவு நிறைவு பெற்றிருந்த உழைப்பு இத்தனை ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தது என்பது வெளிப்பட்டது.

கோல்டன்ஐ எப்படியோ திரும்பி வந்துவிட்டது. திரும்பி வராதவையே மிகுதி. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்று, வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு கண்டறிந்தது. இந்த இழப்பைச் சந்தையின் இயல்பான கழிவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் மறுவெளியீடுகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், பதிப்பியல் மாணவர்களுக்கு நன்கு பழகிய மூன்று கேள்விகள் அங்கும் எழுவதைக் காணலாம். மூலம் எங்கே இருக்கிறது? எந்தப் பாடத்தை மூலபாடமாகக் கொள்வது? பதிப்பிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? இவற்றுக்கு விடை தேடாமல் செய்யப்பட்ட மறுவெளியீடுகள், மூலத்தைக் காக்க வந்து அதை மறைத்துவிட்டதும் உண்டு.

முதற்கேள்வி மூலம் பற்றியது. நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய மூலநிரல். கடையில் விற்கும் வட்டில் இருப்பதோ, அந்த நிரல் எந்திர மொழிக்கு மாற்றப்பட்ட வடிவம் மட்டுமே. விளையாட்டைப் புதிய கருவிக்கு ஏற்பத் திருத்த வேண்டுமானால் மூலநிரல் தேவை. படங்களும் ஒலிகளும் சுருக்கப்படுவதற்கு முந்தைய நிலையில் தேவை. 1980-களிலும் 1990-களிலும் பெரும்பாலான நிறுவனங்கள் இவற்றைப் பேணிக்காக்க வேண்டிய ஆவணங்களாக எண்ணவில்லை. விளையாட்டு விற்பனைக்குப் போனதும் குழுவினர் அடுத்த பணிக்கு நகர்ந்தனர். வன்தட்டுகள் அழித்து மீண்டும் பயன்படுத்தப்பட்டன.

இதன் விளைவை ‘சைலன்ட் ஹில் 2’ தெளிவாகக் காட்டுகிறது. இறந்துபோன மனைவியிடமிருந்து வந்த கடிதத்தைக் கையில் கொண்டு, மூடுபனி சூழ்ந்த ஓர் ஊருக்குள் நுழையும் மனிதனின் கதை அது. ஜப்பானின் கொனாமி நிறுவனம் அதை 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்டது. 2012-இல் உயர்தெளிவுத் தொகுப்பாக மறுவெளியீடு செய்ய முற்பட்டபோது, அப்பணியை ஏற்ற அமெரிக்கக் குழுவுக்குக் கிடைத்த நிரல் இறுதி வடிவம் அன்று. விற்பனைக்குப் போகும் முன்னரான ஒரு நிலை. மூலக்குழு பத்தாண்டுகளுக்கு முன் கண்டு நீக்கிய வழுக்களைப் புதிய குழு மறுபடி கண்டு நீக்க வேண்டியதாயிற்று. இறுதி ஏடு தொலைந்து, ஆசிரியரின் அடித்தல் திருத்தல் நிறைந்த முன்படியை வைத்துப் பதிப்பிக்க நேர்ந்தவரின் நிலைக்கு இது ஒப்பாகும்.

அந்த விளையாட்டின் மூடுபனி தனியே ஆராயத்தக்கது. பிளேஸ்டேஷன் 2 ஒரு நேரத்தில் குறிப்பிட்ட தொலைவு வரையிலான காட்சியையே வரையவல்லது. அதற்கு அப்பால் உள்ள வெறுமையை மூடவே பனி பயன்பட்டது. ஆனால் கருவியின் போதாமையிலிருந்து பிறந்த அந்தப் பனியே கதையின் பொருளாயிற்று. நாயகனின் நினைவு மறைத்துவைத்திருக்கும் ஒன்றை ஊரும் மறைத்துவைத்திருப்பதாக அதை ஆடியவர் உணர்ந்தனர். 2012 வடிவத்தில் பனி மெலிந்தது. பார்வைக்கு வரக்கூடாத விளிம்புகள் வெளியே தெரிந்தன. பழைய மரப்பலகை ஒன்றின் எழுத்துகள், அலுவலகக் கணினிகளில் எல்லோரும் அறிந்த ‘காமிக் சான்ஸ்’ எழுத்துருவுக்கு மாறியிருந்தன. நடிகர்களின் குரல்களும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. இரண்டாம் பாகத்தில் பழைய குரலைத் தேர்ந்துகொள்ளும் வழியாவது இருந்தது, மூன்றாம் பாகத்தில் அதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் 3 வடிவத்துக்குத் திருத்தம் வந்தது. எக்ஸ்பாக்ஸ் வடிவத்துக்கான திருத்தம் கைவிடப்பட்டது. பின்னாளில், பழைய கணினி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுச் சீரமைத்தவர்கள் ஊதியமற்ற தன்னார்வலர்கள்.

மூலம் அறவே கிடைக்காத நிலையில் வேறொரு வழி உண்டு. ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ (2002) விளையாட்டை 2013-இல் புதுப்பித்தபோது, முதற்படைப்பின் தரவுகளில் பெரும்பகுதி எஞ்சியிருக்கவில்லை. விற்பனைக்கு வந்த வட்டையே அகழ்ந்து அதிலிருந்து பொருள்களை எடுத்து, இல்லாதவற்றை மீண்டும் உருவாக்க வேண்டியிருந்தது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வுக்கு நற்பேறு வாய்த்தது. 1989-இல் வெளியான அதன் மூலநிரல் தொலைந்துவிட்டதாகவே அதன் ஆசிரியர் ஜோர்டன் மெக்னர் எண்ணியிருந்தார். 2012-இல் அவருடைய தந்தை அனுப்பிய பெட்டி ஒன்றில் பழைய நெகிழ்வட்டுகள் கிடைத்தன. அவற்றைப் படிக்கவல்ல பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து வல்லுநர்கள் நிரலை மீட்டனர்; மெக்னர் அதைப் பொதுவில் வெளியிட்டார். ஒரு தொழில்துறையின் முதன்மையான ஆவணம் தப்பியது குடும்பத்தார் ஒருவரின் அலமாரியால். நிறுவன ஆவணக்காப்பு முறை எதுவும் அதைக் காக்கவில்லை.

இரண்டாம் கேள்வி பாடத்தைப் பற்றியது. ஒரு கவிதையின் பாடம் ஓலையிலும் தாளிலும் திரையிலும் ஒன்றாகவே இருக்கும். விளையாட்டின் பாடம் அது ஓடும் கருவியோடு பிணைந்தது. 1978-இல் டைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், எதிரிகள் குறையக் குறைய எஞ்சியவர்களின் வேகம் கூடும். இது முன்கூட்டித் திட்டமிட்டு எழுதப்பட்ட விதியாகத் தொடங்கவில்லை. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தபோது செயலி இயல்பாகவே விரைந்தது. ஆசிரியர் அதை விளையாட்டின் பண்பாக ஏற்றுக்கொண்டார். வேகமிக்க இன்றைய செயலியில் அதே தருக்கத்தை அப்படியே ஓட்டினால் அந்த ஏற்றம் காணாமற்போகும். மறுபதிப்பாளர் பழைய செயலியின் தளர்ச்சியையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும்.

திரையும் இவ்வாறே. 1991-இல் வந்த ‘சோனிக்’ விளையாட்டின் அருவிகள் நெட்டுக்கோடுகளால் வரையப்பட்டவை. அக்காலக் கம்பி இணைப்பும் படக்குழாய்த் தொலைக்காட்சியும் அக்கோடுகளைக் கலங்கச் செய்து, நீர் ஒளி ஊடுருவுவதாகக் காட்டின. இன்றைய கூர்மையான தட்டைத்திரையில் அதே அருவி வெறும் கம்பிவேலியாகத் தெரிகிறது. படத்துணுக்கு ஒன்றும் மாறவில்லை. ஆயினும் ஓவியம் மாறிவிட்டது.

நிண்டெண்டோவின் ‘டக் ஹண்ட்’ விளையாட்டுக்கு வாய்த்தது இன்னும் கடினமான நிலை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் வெண்கட்டம் ஒன்று தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் குறி தப்பவில்லை என்று பொருள். துப்பாக்கி சுடுவதில்லை, திரையைப் பார்க்கிறது. இந்த உத்தி முழுவதும் படக்குழாய் தாமதமின்றி ஒளிர்வதை நம்பியது. தட்டைத்திரை படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதாலும், அது ஒளிரும் முறையே வேறு என்பதாலும், பழைய துப்பாக்கி அதன்முன் பயனற்றதாகிறது. 2014-இல் வீ யூ கருவியில் இந்த விளையாட்டு மறுவெளியீடு கண்டபோது, வேறொரு கைக்கருவியால் திரையில் குறி நகர்த்தி ஆடும்படி மாற்றப்பட்டிருந்தது.

எந்தப் பாடத்தைத் தேர்வது என்பதில் அக்கறை இல்லாதபோது நேர்வதற்குச் சோனியின் ‘பிளேஸ்டேஷன் கிளாசிக்’ சான்று. 2018 டிசம்பரில் 20 விளையாட்டுகளோடு வெளிவந்த சிறுகருவி அது. அமெரிக்க, ஜப்பானியத் தொலைக்காட்சிகள் நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பித்தன. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் முறையில் 50 முறை. அதனால் பல விளையாட்டுகளின் ஐரோப்பிய வடிவங்கள் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடின. அந்தத் தடை இன்றைய திரைகளுக்கு இல்லை. ஆயினும் இக்கருவியில் 9 விளையாட்டுகள் அந்த மெதுவான பாடத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தன. நல்ல ஏடும் குறைவுள்ள ஏடும் ஒருங்கே கையில் இருக்க, குறைவுள்ளதை அச்சுக்கு அனுப்பியதற்கு இது நிகர்.

அக்கருவிக்குள் இருந்த எமுலேட்டரும் கவனத்துக்குரியது. பழைய கருவியின் நடத்தையைப் புதிய கருவியில் போலச்செய்யும் மென்பொருளே எமுலேட்டர். 1999-இல் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மீது சோனி வழக்குத் தொடர்ந்தது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. 2018-இல் சோனி தன் சொந்த மறுவெளியீட்டுக்குப் பயன்படுத்தியதோ, தன்னார்வலர்கள் கட்டற்ற முறையில் வளர்த்த எமுலேட்டர். அத்தகைய தன்னார்வலர்களின் உழைப்பின்றி இத்துறையின் வரலாற்றுக்கு இன்று ஆட்டக்கூடிய சான்றுகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும்.

மூன்றாம் கேள்வி அதிகாரம். விளையாட்டு என்பது பலருடைய உரிமைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்கு எடுத்துக் கட்டிய வீடு. சேகாவின் ‘கிரேஸி டாக்ஸி’ (1999) விளையாட்டில், ஆஃப்ஸ்பிரிங், பேட் ரிலிஜன் குழுக்களின் பாடல்கள் ஒலிக்க, பயணிகளைப் பீட்சா ஹட், கேஎஃப்சி கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பார் ஓட்டுநர். 2010 மறுவெளியீட்டில் அந்தப் பாடல்களும் இல்லை. கடைகளும் பெயரற்ற கடைகளாகிவிட்டன. ஆட்டவிதிகள் அவ்வாறே இருந்தன. ஆனால் 1990-களின் இறுதியில் அமெரிக்க நகர நுகர்வு வாழ்வு எவ்வாறு கற்பனை செய்யப்பட்டது என்று ஆராயப் புகும் மாணவருக்கு, அந்த மறுவெளியீடு சான்றாகாது. ‘ஆலன் வேக்’ விளையாட்டு, இசை உரிமங்களின் காலம் முடிந்ததால் 2017 மே மாதத்தில் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பின் 2018 அக்டோபரில் திரும்பியது.

உரிமையாளர் யாரென்றே தெரியாத நிலை இதனினும் சிக்கலானது. ‘சிஸ்டம் ஷாக் 2’ (1999) விளையாட்டை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000-இல் மூடப்பட்டது. 2012-இல் ஸ்டீஃபன் கிக் என்பவர் அதை ஆட விரும்பித் தேடியபோது, விற்பனையில் எங்கும் இல்லை. விசாரித்ததில், அதன் உரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அந்நிறுவனத்திடம் இசைவு பெற்று 2013-இல் அவர் அதை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தார். நைட்டைவ் என்னும் மறுவெளியீட்டு நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் அதே நைட்டைவ் ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபார் எவர்’ (2000) விளையாட்டை மீட்க முயன்று தோற்றது. தொடர்புடைய பெருநிறுவனங்கள் பலமுறை கைமாறியிருந்தன. உரிமை தம்மிடம் இருக்கிறதா என்பதை உறுதிசெய்ய அவை முன்வரவில்லை. இருக்கக்கூடும் என்பதால் பிறர் வெளியிடவும் இசையவில்லை.

இம்மூன்று கேள்விகளும் ஒருங்கே புறக்கணிக்கப்பட்டபோது என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் காட்டியது. ராக்ஸ்டார் நிறுவனம் தன் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ தொடரின் மூன்று பழைய விளையாட்டுகளை ‘இறுதியான பதிப்பு’ என்று பொருள்படும் பெயரில் வெளியிட்டது. அதற்கு முன்பே பழைய வடிவங்களை இணையக் கடைகளிலிருந்து அகற்றிவிட்டது. புதிய பதிப்பில் வழுக்கள் மலிந்திருந்தன. ‘சான் ஆண்ட்ரியாஸ்’ பாகத்தில் வரும் டோநட் கடையின் பெயர்ப்பலகையை மொழியியலாளர் மறக்க மாட்டார். மூலத்தில் அக்கடையின் பெயர் ‘டஃப் நட்’. பலகையின்மேல் ஆறுமுக இரும்பு நட்டு ஒன்று நின்றது. திருகாணியின் நட்டும் தின்பண்டத்தின் பெயரிலுள்ள நட்டும் ஒலியால் ஒன்றுபடும் சிலேடை அது. புதிய பதிப்பில் முனைகள் மழுங்கடிக்கப்பட்டு, நட்டு வெறும் உருண்டை வளையமாயிற்று. பொருள் அறியாத எழுத்தர் ‘பிழை’ என்று எண்ணிச் சரியான பாடத்தைத் திருத்திவிடும் பழங்கதையை எந்திரம் மீண்டும் நிகழ்த்தியது. எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, கணினிக்கான பழைய வடிவங்களைத் திரும்பத் தருவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழாதிருந்தால் பிழைபட்ட பாடமே ஒரே பாடமாக நிலைத்திருக்கும்.

நல்ல பதிப்பு இயலாத ஒன்றன்று. 2022-இல் டிஜிட்டல் எக்லிப்ஸ் வெளியிட்ட ‘அட்டாரி 50’ தொகுப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைக் காலவரிசையில் அடுக்கி, நேர்காணல்கள், விளம்பரங்கள், அலுவலக ஆவணங்கள் ஆகியவற்றுக்கிடையே வைத்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் மெக்னரின் முதல் வெற்றிப்படைப்பான ‘கராடேகா’வுக்கும் இவ்வாறு ஒரு பதிப்பைச் செய்தது. அதில் முற்றுப்பெறாத முன்வடிவங்களையும் ஆடிப் பார்க்கலாம். வெளியீட்டாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்தையும் படிக்கலாம். பாடபேதங்களும் முன்னுரையும் கொண்ட ஆய்வுப் பதிப்பு விளையாட்டுத் துறைக்கும் பொருந்தும் என்பதற்கு இவை சான்று. ஆனால் ஆசிரியர் தாமே தாள்களைச் சேர்த்துவைத்திருந்ததும், உரிமை சிதறாமல் இருந்ததுமே அதற்கு வழிவிட்டன. பெரும்பான்மை விளையாட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே சந்தை தாராதவற்றை நூலகமாவது தர வேண்டும். அங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. 1998-இல் இயற்றப்பட்ட அமெரிக்க மின்னியல் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருளின் பூட்டை உடைப்பதைத் தடைசெய்கிறது; மூன்றாண்டுக்கு ஒருமுறை விலக்குகள் ஆராயப்படுகின்றன. பிற மென்பொருள்களை நூலகங்கள் ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே பயன்படத் தர 2021-இல் இசைவு கிட்டியது. விளையாட்டுகளுக்கு அது மறுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் மீண்டும் மறுக்கப்பட்டது. ஆய்வின் பெயரால் பொழுதுபோக்காக ஆடிவிடுவர் என்னும் அச்சம் மறுப்புக்கான காரணங்களுள் ஒன்று. ஒரு நாவலை இன்பத்துக்காகப் படித்துவிடுவர் என்று அஞ்சி எந்த நூலகமும் அதை வாசகரிடமிருந்து பூட்டிவைப்பதில்லை.

இந்தியாவின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்யப்பட்ட திருத்தம், வணிக நோக்கற்ற பொது நூலகங்கள் ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இசைவளிக்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: அப்படைப்பின் மின்வடிவம் அல்லாத படி நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். அச்சு நூலுக்கு அது பொருந்தும். பிறப்பிலேயே மின்வடிவான விளையாட்டுக்கு அத்தகைய படியே கிடையாது. பாதுகாக்கும் உரிமையை வழங்கும் விதியே அதை வெளியே நிறுத்திவிடுகிறது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டத்தின்படி இந்நாட்டில் அச்சாகும் நூலின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் ஏனைய வைப்பு நூலகங்களுக்கும் சென்றாக வேண்டும். அச்சட்டத்தின் பெயரும் பொருளும் நூல்களையும் செய்தித்தாள்களையும் மட்டுமே குறிக்கின்றன. புணேவில் உருவாகி 2020-இல் வெளியான ‘ராஜி’ போன்ற விளையாட்டு ஒன்று கடைகளிலிருந்து நாளை மறைந்தால், அதன் படி ஒன்றைக் கையில் வைத்திருக்கக் கடமைப்பட்ட நிறுவனம் இந்நாட்டில் எதுவும் இல்லை. அந்தப் பிரிவில் உள்ள ‘மின்வடிவம் அல்லாத’ என்னும் தொடரை நீக்குவதும், வைப்பு நூலகச் சட்டத்தின் எல்லையை மென்பொருளுக்கு விரிப்பதும் நாடாளுமன்றத்தால் ஆகக்கூடியவை. அவற்றைக் கேட்கும் பொறுப்பு, இத்தகைய படைப்புகளை நாளை ஆய்வுப் பொருளாகக் கொள்ளவிருக்கும் துறைகளுக்கே முதலில் உண்டு.